மகனைக் கணவரிடம் ஒப்படைத்தும் ஒப்படைக்காத ஒரு தாய்க்கு

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 31. அரசு மருத்துவமனையில் செவிலியர். கணவர் தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் விரிவுரையாளர். மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்து அவர் பணிக்குத் திரும்பியபோது அவருடைய தாயார் வந்து உடன் இருந்தார். முழங்கால் வலி அதிகமாகித் தாயார் ஊருக்குப் போன பிறகு, கடந்த ஐந்து மாதங்களாகப் பகலில் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டிலும், இரவுப் பணி நாட்களில் அப்பாவிடமும் குழந்தை இருக்கிறான்.

கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் விதம்தான் வாசகியின் குறை. மேசையில் உட்காரவைத்து ஊட்டாமல், மொட்டைமாடியில் காக்காய் காட்டிக்கொண்டே ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுக்கிறார். ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டிய பிள்ளை பத்தரை வரை விளையாடுகிறான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது. தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப் போகிறார். ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தபோது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் தடுமாறினார். ஒருமுறை குழந்தை கையில் வறுத்த கடலை இருந்தது.

எனவே வாசகி மணி வாரியாக ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் பணிக்குப் போகிறார். கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார். வார்டில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் போனில் அதைப் பார்த்து, பிழை தெரிந்தால் உடனே அழைத்துச் சொல்கிறார். ஒரே இரவில் ஒன்பது முறை அழைத்த நாளும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன்பு கணவர் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "நான் என்ன, உனக்குக் கீழே டியூட்டி பார்க்கிற ஆளா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு சண்டையில்லை. குழந்தையைப் பற்றி எதைக் கேட்டாலும் "நீயே சொல்லிரு" என்கிறார். போன வாரம் அப்பா பிஸ்கட் எடுத்துக் கொடுக்க, குழந்தை அதை வாங்காமல் "அம்மாட்ட கேளு" என்றானாம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எனக்கும் சற்று நேரம் கடிதத்தைத் தொடர முடியவில்லை.

வாசகி மூன்று கேள்விகள் கேட்கிறார். குழந்தை வளர்ப்பு ஆண்களுக்கு இயல்பிலேயே வராதா? இரண்டு பேரும் இரண்டு விதமாக வளர்த்தால் குழந்தை குழம்பிப் போகாதா? சம்பளமில்லா விடுப்பு எடுப்பதா, அல்லது குழந்தையைத் தாயாரின் ஊரில் கொண்டுபோய் விடுவதா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் ஆறாவது பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது, நான்கு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் வார்டில் பணியாற்றிய ஆண்டில், தொண்டையில் கடலை சிக்கிய ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பனார் ஓடிவந்ததையும், அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனதையும் சொல்லிவிட்டு, "இதை நான் வீட்டில் சொன்னதில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். என் பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் கேமராவில் தேடுவது உங்கள் கணவரின் பிழைகளை அல்ல. அந்த இரவு உங்கள் வீட்டில் திரும்பி வந்துவிடக் கூடாது என்று காவல் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணவருக்கு இது தெரியாது. ஒரு தகப்பனாக அவர்மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது மட்டுமே ஒவ்வொரு அழைப்பிலும் அவருக்குக் கேட்கிறது. பயத்தை மறைத்துவிட்டுக் கட்டளையை மட்டும் அனுப்பினால், வாங்குபவர் அதை அவமதிப்பாகத்தான் படிப்பார்.

உங்கள் மொழியிலேயே ஒன்று கேட்கிறேன். காலையில் இரவுப் பணி முடியும்போது, அடுத்து வரும் செவிலியரிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று விவரம் சொல்லி, கேஸ் ஷீட்டைக் காட்டி, பொறுப்பை ஒப்படைக்கிறீர்கள். அவர் உங்களைப் போலவே ஊசி போடுபவர் அல்லர். பேசும் விதம் வேறு, படுக்கை விரிக்கும் விதம் வேறு. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு அவரை ஒன்பது முறை அழைத்து, நான்காம் கட்டில் நோயாளியின் தலையணை சரியாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதில்லை. முக்கியமானதைத் தெளிவாகச் சொல்லிவிட்டோம், இனி இந்த எட்டு மணி நேரத்துக்குப் பொறுப்பு அவருடையது என்பதுதான் ஒப்படைப்பு. வீட்டில் நீங்கள் மகனைத்தான் ஒப்படைக்கிறீர்கள், பொறுப்பை ஒப்படைப்பதில்லை. பொறுப்பில்லாமல் வேலை மட்டும் பார்ப்பவர் நாளடைவில் "நீயே சொல்லிரு" என்று சொல்லத்தான் செய்வார். அந்தச் சொல்லை நீங்கள் சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மனம் விட்டுப்போனவரின் சொல்லாகப் படுகிறது.

வேலையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் குடும்ப ஆய்வாளர்கள் தாயின் வாசற்காவல் என்ற பொருள்பட அழைக்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் சாரா ஆலன், ஆலன் ஹாக்கின்ஸ் என்ற இருவர், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த 622 தாய்மார்களை ஆய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த வகையில் இருந்தார். கணவரோடு பகிர்ந்து செய்யும் தாய்மார்களைவிட இவர்கள் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கூடுதலாக வீட்டு வேலை செய்தார்கள். அந்தக் களைப்பு உங்கள் கடிதத்தின் எட்டுப் பக்கங்களிலும் தெரிகிறது.

இதை எழுதும்போது பழி முழுவதையும் உங்கள் தலையில் வைப்பதாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளை சற்று மெலிந்துவிட்டால் "அவ வேலைக்குப் போறாள்ல" என்றுதான் ஊர் பேசுமே தவிர, அப்பாவை நிறுத்திவைத்து யாரும் கேட்பதில்லை. பொத்தான் மாறிய சட்டையோடு அவன் நாத்தனார் வீட்டுக்குப் போனால் குறை உங்கள் பேரில்தான் எழுதப்படும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள்; ஆண்களில் அது 21.4 விழுக்காடு மட்டுமே. கணக்குக் கேட்பது உங்களிடம் என்றால், கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. அதனால் "இனி வாயை மூடிக்கொண்டு இருங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. மேற்பார்வையை விடும்போது, அந்த மேற்பார்வையோடு சேர்ந்து நீங்கள் சுமக்கும் பாரமும் அவர் கைக்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் போனால் ஏற்பாடு நிலைக்காது.

ஆண்களுக்கு இது வராதா?

உங்களுக்கு இது எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதல் மாதத்தில் குழந்தையைக் குளிப்பாட்ட உங்களுக்குக் கை நடுங்கியது என்றும், கால்மேல் போட்டு நீரூற்ற அம்மாதான் கற்றுக்கொடுத்தார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு பல நூறு முறை தனியாகச் செய்து கை பழகிவிட்டது. உங்கள் கணவருக்கு ஐந்து மாதங்கள்தான் கிடைத்திருக்கின்றன. அதிலும் பாதி நேரம் போனில் உங்கள் குரல் கூடவே இருந்திருக்கிறது. தவறு செய்து, குழந்தையின் முகத்தைப் பார்த்து, தானே திருத்திக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களில்தான் பிள்ளை வளர்ப்பு படியும். அந்த நிமிடங்களை உங்கள் அழைப்பு ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

2008இல் சாரா ஷாப்-சல்லிவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கைக்குழந்தை உள்ள குடும்பங்களைக் கவனித்து எழுதிய ஆய்வு, தாயின் ஊக்கம் கிடைத்த இடத்தில் தந்தையின் ஈடுபாடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் தந்தைக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், தாயின் குறைகூறல் மிகுந்த வீட்டில் அந்த ஆர்வம் செயலாவதில்லை என்றும் கண்டார்கள். உங்கள் கணவர் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாரே தவிர, குழந்தையை விட்டுவிட்டுப் போகவில்லை. அன்றிரவும் அவர்தான் தூங்கவைத்தார். இதை நீங்கள் எழுதிய வரியிலிருந்துதான் எடுத்துச் சொல்கிறேன்.

குழந்தை குழம்பிவிடுவானா?

மாட்டான். 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெகி எமர்சன் இருவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒன்றரை வயதாவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அப்பாக்கள் நிறையப் பேர். நம் வீடுகளில் இதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை. ஆச்சியிடம் போனால் கதை கிடைக்கும், அத்தையிடம் போனால் முறுக்கு கிடைக்கும், அம்மாவிடம் அது நடக்காது என்பது இரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அப்பாவோடு சாப்பாடு மொட்டைமாடியில், அம்மாவோடு மேசையில் என்பதும் அவனுக்கு அப்படித்தான் பழகும்.

குழந்தையை உண்மையில் குழப்புவது வேறொன்று. அப்பா கொடுத்ததை அம்மா போனில் தடுப்பதும், அப்பாவின் முகம் சுருங்குவதை அவன் பார்ப்பதும்தான் அது. "அம்மாட்ட கேளு" என்று அவன் சொன்னது இரண்டு முறைகளைப் பார்த்ததால் அல்ல. இந்த வீட்டில் அப்பாவின் சொல் செல்லாது என்று அவன் தெரிந்துகொண்டதால். இதற்கு மருந்து எளிது: அவன் எதிரில் கணவரைத் திருத்தாதீர்கள், நேரிலும் சரி, ஒலிபெருக்கியில் போட்ட போனிலும் சரி. அடுத்த முறை அவன் உங்களிடம் வந்து கேட்டால், "அப்பா சொன்னா சரிதான்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது

உங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். பத்துக்கும் மேற்பட்ட குறைகளில் மூன்று உண்மையான ஆபத்துகள். மீதி பெரும்பாலும் உங்கள் விருப்பத்துக்கு மாறானவை. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னதால் அந்த மூன்றும் மற்றவற்றுக்குள் மறைந்துவிட்டன. பொத்தானுக்கும் பைக்குக்கும் ஒரே அவசரத்தோடு அழைப்பு வந்தால், எது உயிர் விஷயம் என்று அவருக்கு எப்படிப் பிரியும்?

பைக் பற்றி நீங்கள் சொல்வதுதான் சரி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைத்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டாங்க் மேல் உட்காரவைத்துப் போவதற்கு இதில் இடமே இல்லை. நம் தெருக்களில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்பது சமாதானம் ஆகாது. பட்டையும் தலைக்கவசமும் வாங்கும் வேலையை நீங்கள் செய்யாமல் அவரிடமே விடுங்கள்.

மருந்து அடுத்தது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் கடைகளில் ஒரே வீரியத்தில் கிடைப்பதில்லை. 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லிக்கு 250 உள்ளது ஒன்று, ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து ஒன்று. உங்களுக்கு இது மனப்பாடம். பாலிடெக்னிக் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவர் தடுமாறியது அலட்சியத்தால் அல்ல. வீட்டில் ஒரே வீரியமுள்ள பாட்டிலை மட்டும் வைத்து, மருத்துவர் சொன்ன அளவையும் எத்தனை மணி நேர இடைவெளி என்பதையும் அதன் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது கடலை. முழு வேர்க்கடலை, பொரிகடலை, நறுக்காத திராட்சை போன்றவை இந்த வயதில் வேண்டாம். இங்கேதான் நீங்கள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். "கொடுக்காதே" என்று சொல்வதோடு நிறுத்தாமல், தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதுகில் எப்படித் தட்டுவது, ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வயிற்றை எப்படி அழுத்துவது, 108ஐ எப்போது அழைப்பது என்பதை ஒரு தலையணையை வைத்து அவருக்குச் செய்து காட்டுங்கள். அவரையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். வார்டில் பார்த்த அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வேளை கிடைக்காது. உங்கள் பயம் அவருக்குப் புரியும். அந்தப் பயத்துக்கு எதிராக ஒரு திறமையும் அவர் கையில் இருக்கும்.

நிரம்பிய வாளியையும் தண்ணீர்த் தொட்டியையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் அதற்கு மேல் நீள வேண்டாம். உங்கள் பங்குக்கு நீங்கள் சொல்லும் அளவு அவரும் சேர்க்கட்டும். இரவுப் பணி முடிந்த தூக்கக் கலக்கத்தோடு நீங்கள் ஸ்கூட்டி ஓட்டி வருவது பற்றி அவரிடமும் ஒரு கவலை இருக்கலாம்.

சாப்பிடும்போது கைபேசி காட்டுவதைப் பற்றி ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இது உடனடி ஆபத்து இல்லை, தள்ளிவிடக்கூடியதும் இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. மொட்டைமாடிக் காக்காய் இருக்கும்போது கைபேசிக்கு வேலையே இல்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் குறையாகச் சொன்ன பழக்கம்தான் இங்கே உதவிக்கு வருகிறது. தலைக்கு மேலே தூக்கிப் போடுவதைப் பொறுத்தவரை, கையை விட்டு மேலே எறிவது வேண்டாம். பிடித்த பிடி விடாமல் சுற்றுவது, தோளில் ஏற்றுவது, குதிரை விளையாட்டு எல்லாம் நடக்கட்டும். அப்பாவோடு ஆடும் முரட்டு ஆட்டத்தில்தான் பல குழந்தைகள் தங்கள் துணிச்சலையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் பழகுகிறார்கள்.

முழு வேலையாகக் கொடுங்கள்

மகன் தொடர்பான இரண்டு காரியங்களை நினைவூட்டல் உட்பட முழுமையாகக் கணவரிடம் கொடுங்கள். உதாரணமாக, தாய் சேய் நல அட்டை இனி அவரிடம் இருக்கட்டும். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டிய வைட்டமின் ஏ எப்போது, அடுத்த தடுப்பூசி எப்போது என்பதை அவர் பார்த்து, அவர் விடுப்பு எடுத்து, அவர் கூட்டிப்போகட்டும். நாத்தனாரிடம் பேச வேண்டியதையும் அவரே பேசட்டும், அவருடைய அக்காதானே. ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. நீங்கள் நினைவூட்டினால் அந்த வேலை திரும்ப உங்களுடையதாகிவிடும்.

மணி வாரி நோட்டை எடுத்துவிடுங்கள். காலையில் வீட்டுக்கு வந்ததும் உங்கள் முதல் கேள்வி என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று இருக்க வேண்டாம். "ராத்திரி என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாட்கள் பதில் ஒற்றைச் சொல்லில் வரலாம். மூன்று வாரம் பேசாதவர் ஒரே நாளில் பேசிவிட மாட்டார்.

விடுப்பும் தாயார் வீடும்

இரண்டுமே உங்கள் உரிமை. ஆனால் இந்தக் காரணத்துக்காக இப்போது இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. சம்பளமில்லா விடுப்பு உங்கள் வருமானத்தைப் பாதிக்கும். பணி மூப்பு, ஊதிய உயர்வு ஆகியவற்றை அது எப்படிப் பாதிக்கும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்காதீர்கள். அதைவிட முக்கியம், நீங்கள் வீட்டிலேயே இருந்தால் கணவர் பழகுவதற்கு இருக்கும் அந்த இரவுகளும் போய்விடும். தாயார் முழங்கால் வலியோடு ஊருக்குப் போனவர். இரண்டு வயதுப் பையனின் பின்னால் ஓடும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பதை மகளாக அல்ல, செவிலியராக யோசியுங்கள்.

"ஐந்து வயது வரை குழந்தை தாயிடம்தான் என்று சட்டமே சொல்கிறது" என்று உடன் பணிபுரியும் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவு. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்கும் என்று அது சொல்வது, குழந்தை யாரிடம் இருப்பது என்ற தகராறு எழும்போதுதான். ஒரே கூரையின் கீழ் வாழும் இருவரில் யார் சோறு ஊட்டுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. உங்கள் வீட்டுப் பேச்சில் இந்தச் சட்டத்தை இழுக்காதீர்கள். பிரிவைப் பற்றி நீங்கள் யோசிப்பதாகக் கணவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி ஏதும் இல்லை. ஆனாலும், குழந்தையை அடிப்பது, குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்வது, தனியாக விட்டுவிட்டு வெளியே போவது என்று எங்கேனும் நடந்தால் அது வளர்ப்பு முறையில் உள்ள வேறுபாடு அல்ல, அங்கே பொறுத்துப்போகக் கூடாது. இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன்: குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181.

இன்னொன்று உங்களைப் பற்றியது. கேமராவைப் பார்க்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, பகல் தூக்கத்தில் அந்தக் குழந்தையின் முகம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரவுப் பணியின் தூக்கக்கேடு இதைக் கூட்டும். ஆனால் இது தூக்கத்தால் மட்டும் வந்தது போல எனக்குத் தெரியவில்லை. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த இரவில் பணியில் இருந்தவர் நீங்கள்; அதைத் தனியாகவே சுமந்து தீர்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வரும் வியாழன் முதல் மூன்று நாள் இரவுப் பணி என்று எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை பிள்ளை தூங்கிய பிறகு கணவரிடம் உட்கார்ந்து, முதலில் அந்த வார்டில் நடந்ததைச் சொல்லுங்கள். அதன் பிறகு, "கேமரா மாட்டினது தப்பு, பயந்துபோய்ச் செஞ்சேன்" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும் அந்தக் கேமராவை உங்கள் கையாலேயே கழற்றிவிடுங்கள். வியாழன் இரவு ஒரே ஒரு அழைப்பு, எட்டரை மணிக்கு, மகனோடு பேசுவதற்கு. அதற்குப் பிறகு அவர் அழைத்தால் எடுங்கள். வெள்ளிக்கிழமை காலை நீங்கள் வீட்டுக்கு வரும்போது பொத்தான் மாறியிருந்தால், அப்படியே இருக்கட்டும்.